தாமதமாக வருபவர்களின் வரிசை

ஜனவரி 9, வியாழன்

ஹீட்டர் இன்றும் வேலை செய்யவில்லை. கோட்டைக் கழற்றாமலேயே பிள்ளைகள் பேசுவதைக் கேட்டேன். இந்த மலையூர் உயர்நிலைப் பள்ளியில் என் வேலை அதுதான். கேட்பது. கதவில் 'செவிமடுக்கும் அறை' என்று எழுதியிருக்கிறது. கீழே யாரோ பென்சிலால் 'பைத்தியங்களுக்கு மட்டும்' என்று சேர்த்திருக்கிறார்கள். அழிக்கவில்லை. அழித்தால் பேனாவால் எழுதுவார்கள்.

சத்தம்தான் தாங்க முடியவில்லை. பக்கத்து ஜன்னலில் கண்காணிப்பாளர் சி ஹெடி ('சி' என்றால் இங்கே ஐயா) தாமதச் சீட்டு கொடுக்கிறார். மணி அடித்தபின் வருகிறவர்கள் அந்தச் சீட்டு இல்லாமல் வகுப்புக்குள் போக முடியாது. வரிசை என் கதவை உரசிக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஒருத்தி அழுகிறாள், வெளியே நேற்றைய பந்தாட்டம்.

ஜன்னலை மாற்ற முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"உனக்காக ஊரையே மாத்துறேன் மகளே. கேட் பக்கம் காவலாளி ரூம் சும்மாதான் கிடக்கு. காபி குடிக்கறதுக்கு முன்னாடி இந்தப் பசங்க மூஞ்சில முழிக்கறதும் மிச்சம்."

மாற்றிவிட்டால் நல்லது. தலைநகர் துனிஸில் உள்ள ஒரு சங்கம்தான் எனக்குச் சம்பளம் தருகிறது, அரசு அல்ல. அதுவும் மார்ச் கடைசிவரை. பிப்ரவரியில் ஆள் வந்து பார்த்துவிட்டு, தொடர்வதா என்று முடிவு செய்வார்கள். அவர்கள் வரும்போது அறை அறைபோல இருக்க வேண்டும்.

ஜனவரி 15, புதன்

குஃப்ரான் வந்தாள். இறுதியாண்டு, கணிதப் பிரிவு. ஜூனில் பாக், பள்ளி இறுதித் தேர்வு. அண்ணன் நிதால் அக்டோபரில் கள்ளப் படகேறினான், இத்தாலிக்கு. அதன்பின் அவனிடமிருந்து போனே இல்லை. அதே படகில் போனதாகச் சொல்லப்பட்ட இரண்டு பேர் வீட்டுக்குப் பேசிவிட்டார்கள்.

அவள் வீடு பள்ளிக்கு நேர் எதிரே. அவர்கள் துணிக்கொடி என் ஜன்னலிலிருந்து தெரியும். அம்மா வாரந்தோறும் நிதாலின் நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிறாள். யாரும் உடுத்தாத சட்டை.

"அது அழுக்காகவே இல்ல மேடம்," என்றாள் குஃப்ரான்.

எதிர்வீட்டுப் பெண் எப்படித் தினமும் தாமதமாக வருகிறாள்? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

வரிசை வாசலுக்குப் போய்விட்டது. வராந்தா காலி. பாடப்புத்தகத்தில் சொன்ன அமைதி.

ஜனவரி 30, வியாழன்

யாரும் வரவில்லை. நேற்றும்.

பிப்ரவரி 6, வியாழன்

சங்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நல்ல காலணி, நல்ல மனசு. காலையிலிருந்து மதியம்வரை நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கதவு ஒருமுறை திறந்தது. காற்று.

"தேவை குறைஞ்சிருக்குன்னா அது சந்தோஷமான விஷயம்தானே," என்றார் புறப்படும்போது. கிண்டல் இல்லை. அதுதான் கொடுமை.

பிப்ரவரி 8, சனி

லப்லாபி, அதாவது கொண்டைக்கடலை சூப், விற்கும் கடையில் குஃப்ரானைப் பார்த்தேன். கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"எப்படி வர்றது? வரிசைய எடுத்துட்டீங்களே."

புரியவில்லை.

"லேட்டா வந்தா சீட்டுக்கு நிக்கணும். நின்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. அப்படியே உங்க கதவுக்குள்ள நழுவிடுவோம். இப்போ அந்த வராந்தால தனியா நடந்து வரணும். மாடி ஜன்னல் எல்லாம் பாக்கும். சாயங்காலத்துக்குள்ள அம்மா காதுக்குப் போயிடும்."

"அதுக்காகவா தினம் லேட்டா வந்தே?"

"பின்ன? எதிர்வீட்ல இருந்து யாராவது லேட்டா வருவாங்களா மேடம்? நீங்க நிஜமாவே துனிஸ்லதான் படிச்சீங்களா?"

சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அமைதி வேண்டும் என்று கேட்டது நான். நான்தான். அந்தச் சத்தம் ஒரு திரை. அதைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கணும். தூக்கிப் போட்டுட்டேனே.

பிப்ரவரி 10, திங்கள்

சி ஹெடி மேசையைத் திரும்ப இழுத்து வந்தார். "வா, போ, வான்னா நான் என்ன கோவேறு கழுதையா?" என்றார். ஏன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "எனக்கும் தெரியாது மகளே. சோம்பேறிப் பசங்கன்னே நினைச்சேன்."

சங்கத்துக்கு எழுதினேன். எல்லாவற்றையும், வரிசையையும்.

இரண்டாம் பாடவேளைக்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 22, சனி

சங்கம் பதில் எழுதியிருக்கிறது. விளக்கத்துக்கு நன்றி, பணம் வேறு ஊருக்கு ஒதுக்கியாகிவிட்டது.

ஆகவே இன்று பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியை மதாம் சுவாத் நேர்மையாகவே கேட்டார். பெற்றோர் நிதியிலிருந்து ஜூன்வரையாவது இந்த அறையை நடத்த முடியுமா?

ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். "எம் புள்ளைக்குப் பிரச்சனை கணக்குதான். கணக்கு வாத்தியார அந்த ரூம்ல உட்கார வைங்க, நாளைக்கே பணம் தரேன்."

சிரிப்பு. இன்னொருவர், "என் பொண்ணு அங்க போறாள்னு தெரிஞ்சா எவன் கட்டிப்பான்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சம்மதிப்பவர்கள் கைதூக்கச் சொன்னார்கள். கடைசி வரிசையில் குஃப்ரானின் அம்மா. கை பாதிவரை உயர்ந்தது. பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். கை தலைமுக்காட்டைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

நோன்பு மாதம். குறைந்த பாடவேளைகள், வறண்ட உதடுகள்.

குஃப்ரான் இன்று சொன்னாள்: "காலைல எழுந்திருக்காமலே இருந்துட்டா நல்லாருக்கும்."

நேரடியாகக் கேட்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். கேட்டேன். செத்துப்போகணும்னு தோணுதா?

"தோணும். ஆனா அப்புறம் அம்மா என் சட்டையையும் சேர்த்துத் துவைக்கணும்ல."

அவளை அறையில் சி ஹெடியோடு விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தேன். அம்மாவிடம் சொன்னேன். வாசலைவிட்டு உள்ளே விடாமலே கேட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியும். கேட்டா அவ ஆமான்னு சொல்லிடுவாளோன்னு பயம்," என்றார். பிறகு செருப்பைத் தேடினார். இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டார்.

மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். மனநல மருத்துவர் வாரம் ஒருநாள்தான் வருவார், நல்லவேளை இன்று. மாத்திரை தந்தார். அதற்குள் இடமில்லை, அடுத்த சந்திப்பு மே மாதம்தான். "அதுவரைக்கும் ஸ்கூல்ல இவளைப் பார்த்துக்க யார் இருக்காங்க?"

"நான் இருக்கேன்," என்றேன்.

மார்ச் கடைசிவரை என்று சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

வந்தாள். தாமதமாக.

மார்ச் 27, வியாழன்

மதாம் சுவாத் கூப்பிட்டார். கதவை மூடினார்.

"சி ஹெடிக்கு உதவி ஆள் வேணும்னு ரெண்டு வருஷமாக் கேட்டுட்டிருந்தேன். இப்போ அனுமதி வந்திருக்கு. தற்காலிகம்தான். சம்பளம் உனக்கு இப்போ வர்றதுல பாதி. சீட்டு எழுதற வேலை."

முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டுச் சீட்டுக் கிழிக்கவா? முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"கோபப்படு. எனக்கும் கோபம்தான்," என்றார். "பிள்ளைங்களக் கேக்கறதுக்கு நம்மகிட்ட பணம் இல்ல. லேட்டானதுக்குத் தண்டிக்கறதுக்கு இருக்கு. உன் அறைச் சாவிய நான் திருப்பிக் கேக்கப் போறதில்ல. அவ்ளோதான் என்னால முடியும்."

துனிஸில் ஒரு கால் சென்டரில் வேலை பேசி வைத்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களுக்கு இணைய இணைப்பு விற்க வேண்டும். அங்கே சம்பளம் அதிகம்.

நோன்பு திறக்கும்போது என் அம்மா கேட்டாள்: "என்ன முடிவு பண்ணே?" தெரியாது என்றேன்.

இது சரியா? நான் ஒத்துக்கொண்டால், 'பார், பணம் இல்லாமலேயே நடக்கிறதே' என்பார்கள். மறுத்தால் அவர்கள் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கவனிக்கக்கூட மாட்டார்கள்.

மே மாதம்வரை யார்?

ஏப்ரல் 1, செவ்வாய்

பெருநாள் விருந்து. கால் சென்டருக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினேன். மாமா, "இந்தக் குடும்பத்துல படிச்சவங்களுக்கு மட்டும் மூளை இல்ல," என்றார். பேரீச்சை வைத்த மக்ரூத் பலகாரம் இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

கதவிலிருந்த பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பென்சில் எழுத்தும் சேர்ந்து போய்விட்டது.

ஜன்னலுக்குப் பின்னால் நானும் சி ஹெடியும், ஒரே மேசை. சீட்டில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. "பெருசா எழுதாதே, இடம் பத்தாது," என்று கற்றுக்கொடுத்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

மழை. வரிசை நீளம். மைதானத்தில் இறுதியாண்டுக்காரர்கள் பாக்கின் விளையாட்டுத் தேர்வன்று நடத்தும் ஊர்வலத்துக்கு வரைந்த பெரிய பதாகை நனைந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

குஃப்ரான் கடைசியில் நின்றாள். முறை வந்ததும் சி ஹெடி தன் பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, தன் காபியோடு வெளியே போனார். இந்த மழையிலும்.

"தாமதத்துக்குக் காரணம்?" என்று கேட்டேன். கேட்டாக வேண்டும்.

அவள் தோளுக்குப் பின்னால் தெரு, தெருவுக்கு அப்பால் அவள் வீடு. கொடி காலி. யாரோ மழைக்கு முன்பே துணிகளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"பஸ் வரல மேடம்."

எழுதினேன். அறைச் சாவியை எடுத்தேன்.