கூரையில் ஒரு ஓட்டை

மரவெட்டு முகாம், வடக்கு மெய்ன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இந்தக் காட்டுப் பாதையில் எதிரே வரும் வண்டிகளுக்குத் தெரிய, ஒவ்வொரு மைல்கல்லையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வண்டியின் கூரையைத் துளைக்கக் கூடாது என்றீர்களே, அதனால் ரேடியோவின் ஏரியல் கம்பியை முன் பம்பரில் மாட்டியிருந்தேன். அங்கே மாட்டினால் வண்டியின் உடல் இருக்கும் பக்கம்தான் அலை பலமாகப் போகுமாம்; என் குரல் பின்பக்கம்தான் நன்றாகப் போயிருக்கிறது. எதிரே மரம் ஏற்றி வந்த லாரிக்குக் கேட்கவில்லை. பனிக்குவியலில் வண்டியை இறக்கித் தப்பித்தேன்.

லாரிக்காரர் டெல்மர் இறங்கி வந்தார். "கூரை நடுவுல வைக்காம, இங்க எவன்டா வைக்கச் சொன்னான்?"

"எங்கப்பா."

"அவருக்கு நீ புள்ளையா, வண்டி புள்ளையா?"

நானும் சிரித்து வைத்தேன். அன்றே துளைபோட்டு நடுவில் மாட்டிவிட்டேன். இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறதாம்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள், கூடவே இரண்டு வரியும். வண்டியைப் பற்றித்தான் கேட்பீர்கள். கூரை ஓட்டையைத் தவிர வேறு சேதமில்லை.

ஆர்லன்