கையெழுத்தில்லாத தாள்

1997 ஜூன் 1, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. கீழே டீக்கடையில் முக்காலி போதாமல் ஆட்கள் வாசல்வரை நின்றிருந்தார்கள். என்ன பேச்சு என்று கேட்கவே வேண்டாம். அடுத்த ஞாயிறு பெயர் கூப்பிடும் நாள். அணியில்லாத ஆட்டக்காரர்களின் பெயர் பலகையில் இருக்கும். எட்டு அணிகளும் ஆளுக்கு ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் அழைப்பு. அந்த மானக்கேடு எங்களுக்குத்தான், மணிக்கூண்டு அணிக்கு. என் கணவர் பர்னபாஸ் தொடங்கிய அணி. நல்லவேளை, அவர் இதைப் பார்க்க இல்லை.

மூன்றாம் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மழையில் துணி காயப்போடுகிறவள் மாதிரி கையில் ஒரு துண்டு வேறு.

கடிகாரம் பழுதுபார்க்கும் பீர் முகைதீன் கத்துகிறார்: "கோல் போட ஆள் இருக்குய்யா! பந்து கெடச்சாத்தானே போடுவான்? எதிராளி காலுல பந்து பட்டதும் பாஞ்சு போய்ப் புடுங்குற ஆளு வேணும். ஜுல்ஃபிகரக் கூப்பிடுங்க."

மொஹிங்கா மீன்சேமியா விற்கும் சொர்ணம்மாள் விடவில்லை. "அந்த எருமையவா? ஆல்பின் காலப் பாத்திருக்கியா பாய்? பந்து பச போட்டாப்புல ஒட்டுது."

"மழைல பச நிக்காது தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆல்பின் என் தங்கை பேரன்.

ஜூன் 3, செவ்வாய்

அணித்தலைவன் ஜேசுராஜ் வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஆண்ட்டி, ஜுல்ஃபிகரைத்தான் கூப்பிடப் போறேன். பசங்க எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றான். அணிக்குத் தலைவி நான். ஆனால் கூப்பிடும் உரிமை அணித்தலைவனுக்கு.

அவன் நடத்தை சரியில்லை என்றேன். போன வருடக் கடைசி ஆட்டத்தில் அந்த ஜுல்ஃபிகர் எதிரணியில் ஆடினான். கோல் வாசலில் நாலைந்து பேர் மோதி விழுந்தபோது, அந்தக் குவியலிலிருந்து நடுவரின் தாயைச் சேர்த்து ஒரு பர்மிய வார்த்தை வந்தது. இங்கே எழுத மாட்டேன்.

"அவன்தான் சொன்னான்னு எப்படித் தெரியும்?"

"என் காது கேட்டது."

காது கேட்டது வார்த்தையை. முகத்தை? அந்த மாதிரி முகத்திலிருந்துதானே அந்த மாதிரி வார்த்தை வரும்.

ஜேசுராஜ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். ஒத்துக்கொண்டு போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

எழுதிப் போட்டுவிட்டேன். இடது கையால் எழுதினேன்.

ஜூன் 6, வெள்ளி

இந்தப் பெட்டி விதியைக் கொண்டுவந்ததே நான்தான், நான்கு வருடத்துக்கு முன். நடத்தை கெட்ட ஆட்டக்காரனைப் பற்றி யாரும் எழுதி, அணிகள் கூடும் பொதுக் கூடத்தில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. தாள் விழுந்தால் அவன் பெயர் அந்த வருடம் பலகையிலிருந்து அடிபடும். எழுதியவரே எழுந்து திரும்பப் பெற்றால்தான் மீளலாம்.

நான் படித்த கான்வென்டில் இப்படி ஒரு மரப்பெட்டி இருந்தது. தமிழிலோ பர்மியத்திலோ பேசிய பெண்களின் பெயரை எழுதிப் போடுவோம். ஒரு வருடம் அதிகப் பெயர் எழுதியவள் என்று மதர் எனக்கு ஒரு புனிதையின் படம் பரிசளித்தார். தங்க விளிம்பு போட்டது. ஜெபப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.

நான்கு வருடமாகப் பிஸ்கட் டப்பாவில் ஒரு தாளும் விழவில்லை. பயம் வேலை செய்கிறது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

கூடத்தின் தலைவர் டப்பாவைத் திறந்து தாளை எடுத்ததும் சத்தம் அடங்கிப் போயிற்று. வாசித்தார். ஜுல்ஃபிகர் பின்வரிசையில் இருந்தான். எழுந்து, "நான் சொல்லல" என்றான். அவ்வளவுதான். பிறகு உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. சுவரோடு நின்றான்.

ஜேசுராஜ் ஆல்பினைக் கூப்பிட்டான். குரலில் உயிரில்லை.

இரண்டாவது அழைப்பு பஜார் அணிக்கு. அதன் மானேஜர் ஷம்சுதீன் எழுந்ததும் பீர் முகைதீன் பாய்ந்தார்: "நீதானய்யா எழுதிப் போட்ட! எங்களுக்கு நல்ல ஆளு கெடச்சிரக் கூடாதுன்னு!" ஷம்சுதீன் முகம் செத்துவிட்டது. "அப்படியா நெனக்கிறீங்க? எனக்கு ஆளே வேணாம். இந்த வருசம் நான் யாரையும் கூப்பிடல" என்று குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

நான் தலைவியின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து உட்காரத்தான் பள்ளியில் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜூன் 14, சனி

மதியம், மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கவிட்ட வாசல் கயிறு அசைந்து மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் தெருவில் ஜுல்ஃபிகர், தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. கண்டுபிடித்துவிட்டான், அதுதான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். இருந்தும் சாவியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். இறக்காவிட்டால் தெரிந்துவிடுமே.

அவன் சண்டைக்கு வரவில்லை. நற்சான்று கேட்டு வந்திருந்தான். என்னிடம்!

"ஆண்ட்டி சொன்னா எல்லாரும் கேப்பாங்கன்னு சொன்னாங்க." ஊரோரம் ஷ்வேப்யிதாவில் சவுக்காரத் தொழிற்சாலையில் தினக்கூலியாம். ஒரு பருவம் ஏதாவது அணியில் ஆடிக் காட்டினால் தொழிற்சாலை அணியில் சேர்த்து வேலையை நிரந்தரமாக்குவதாக மானேஜர் சொல்லியிருக்கிறார். மனைவி சமீனாவுக்கு ஏழு மாதம். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. நடுநடுவே பர்மியத்தில் நழுவி, நழுவியதற்காக வெட்கப்பட்டான்.

எழுதினேன். ஒழுக்கமானவன், பணிவானவன், தாய்ப்பாஷையில் கூடக் கடிந்து பேசாதவன் என்று ஒரு பக்கம். வலது கையால், அழகாக. டீயும் கொடுத்தேன். சாக்கடை அடைப்பு எடுக்க வருகிறவர்களுக்காக ஜன்னலோரம் வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரில். பீங்கான் கோப்பை பக்கத்திலேயேதான் இருந்தது.

கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஜூன் 15, ஞாயிறு

நற்கருணை வாங்கப் போகவில்லை. தலைவலி என்று பக்கத்து வீட்டு ஆன்மேரியிடம் சொன்னேன்.

ஜூன் 21, சனி

கடிதம் செல்லாதாம். எழுதியவர் எழுந்து திரும்பப் பெற வேண்டும், விதி அப்படி என்று கூடத்தின் தலைவர் சொல்லியனுப்பிவிட்டார். எனக்குத் தெரியாத விதியா?

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "ஒருவரைப் பற்றி மறைவாக எழுதினேன், உண்மையைத்தான், ஆனால் மறைவாக." மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார் சாமியார். இவ்வளவு சுலபமா? சுலபமாகும்படி நான்தானே சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

நான்காவது ஆட்டம், நான்காவது தோல்வி. ஆல்பின் பந்து வரும் வரும் என்று காத்து நின்றான். பறித்துக் கொடுக்க ஆளில்லை. சொர்ணம்மாளே, "பாய் சொன்னது சரிதான் போல" என்று முணுமுணுத்தாள்.

அது கிடக்கட்டும். இடைவேளைக்குச் சற்று முன்பு நடுவர் ஊதினார். ஆல்பின் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பத்தடி தூரத்தில் இருந்தான். அந்த வார்த்தை. அதே வார்த்தை. அதே குரல், கடைசி எழுத்தை இழுத்து—

அவன்தான். போன வருடமும் அந்தக் குவியலில் இவனும் கிடந்தான். கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ குரல் பாடும் பெண்களுக்குப் பின்னால் நின்று பாடுகிற வாய்.

பர்னபாஸ் நாற்காலியை விரித்து எனக்குப் போட்டுத் தருகிறவனும் அவன்தான். அதில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

அய்யோ, நான் என்ன செஞ்சிட்டேன். அந்தப் புள்ள சுவத்தோட நின்னானே.

ஜூலை 8, செவ்வாய்

ஜேசுராஜ் ஒரு மனுவோடு வந்தான். பொய்த் தாள் போட்ட ஷம்சுதீனை நிர்வாகத்திலிருந்து நீக்க வேண்டும் என்று. கீழே இருபது கையெழுத்து. "முதல் இடத்தை உங்களுக்காக விட்டு வச்சிருக்கோம் ஆண்ட்டி."

"அவர்தான் எழுதினார் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வேற யாரு இப்படிச் செய்வா?"

பேனா மூடியைத் திறந்து, திரும்ப மூடினேன். சனிக்கிழமை கூடத்தில் பேசிக்கொள்ளலாம் என்றேன். மனு மேஜையில் கிடக்கிறது. முதல் வரி காலியாக.

பயத்தால்தான் டப்பா காலியாகக் கிடந்தது என்று நினைத்தேனே. பயமில்லை. நான்கு வருடத்தில் யாருக்கும் எழுத மனம் வரவில்லை. எட்டு அணி, நூறு ஆட்கள், அத்தனை சண்டை. எழுதியவள் ஒருத்தி.

ஜூலை 12, சனி

சொல்லிவிட்டேன்.

ஷம்சுதீன் மீதான மனுவை வாசிக்கத் தொடங்கியதும் எழுந்தேன். தாளை எழுதியது நான், திரும்பப் பெறுகிறேன் என்றேன். யாருக்கும் புரியவில்லை. கூடத்தின் தலைவர் சிரித்துக்கொண்டே, பர்மிய மரியாதைக்கு ஒரு 'டோ' சேர்த்து, "டோ மக்தலேனா, நீங்க யாரையும் காப்பாத்த வேண்டாம்" என்றார். இடது கையால் பெயரை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. எல்லோரும் பார்க்க, கரும்பலகையில், சாக்கட்டியால். எழுபத்தொரு வயதில்.

"அப்போ அந்த வார்த்தை யார் சொன்னது?" என்று கேட்டார்கள். அவன் இல்லை, அது போதும் என்றேன். ஆல்பின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பீர் முகைதீன் எழுந்து போய் ஷம்சுதீன் கையைப் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

ஜுல்ஃபிகரின் பெயரைத் திரும்பப் பலகையில் எழுதினார்கள். இந்த வருடம் அழைப்பைச் செலவழிக்காத அணி ஒன்றுதான். ஷம்சுதீன் கூப்பிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

பஸ்ஸில் ஷ்வேப்யிதாவுக்குப் போனேன். நின்றுகொண்டே. ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள், வேண்டாம் என்றேன்.

ஓலைக் கூரை, ஒரே அறை. மன்னிப்பைப் பள்ளியில் கற்ற மாதிரி, காரணம் எதுவும் சேர்க்காமல் கேட்டேன். ஜுல்ஃபிகர் கேட்டுக்கொண்டே மூங்கில் தட்டியில் ஒரு சிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"கெய்சா மஷிபூ" என்றான். பரவாயில்லை என்று எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்வதுதான். பிறகு, "நாலு ஆட்டம் போச்சு ஆண்ட்டி" என்றான். அது பரவாயில்லை என்பது போல இல்லை.

சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தான். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. "நீங்க என்னப் பத்தி ரெண்டு தடவ எழுதியிருக்கீங்க. அதுலயும் என்னத் தெரியாது. இதுலயும் தெரியாது."

கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சமீனா டீ கொண்டுவந்தாள். அவர்களிடம் ஒரே ஒரு பீங்கான் கோப்பைதான் இருந்தது. ரோஜாப் பூ போட்டது. அதை எனக்குக் கொடுத்தாள்.

குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தலைவி பதவியை விட்டுவிடுவதாக ஜேசுராஜுக்கு எழுதியனுப்பினேன். வேண்டாமென்று யாரும் வரவில்லை. வருவார்கள் என்று மத்தியானம் வரை நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாற்காலி இல்லாமல் போனேன். மைதானத்துக் கயிற்றோரம் நின்று பார்த்தேன். சொர்ணம்மாள் என்னைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டாள். பேசவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடைசி ஆட்டம். மணிக்கூண்டுக்கும் பஜாருக்கும். முழங்கால் அளவு சேறு.

ஆல்பின் காலில் பந்து. நல்ல இடம், கோல் முன்னால் திறந்து கிடக்கிறது. எங்கிருந்தோ ஜுல்ஃபிகர் பாய்ந்து வந்தான்—எருமைதான், சேற்றில் எருமைக்கு என்ன தயக்கம்—பந்தை வாரிக்கொண்டு போக, ஆல்பின் முகம் குப்புற விழுந்தான். "போ!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்.

சொர்ணம்மாள் திரும்பி, "யாரப் போகச் சொல்றீங்க டோ மக்தலேனா?" என்றாள். ஆறு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஊதிய பிறகு ஜுல்ஃபிகர் திரும்பி வந்து ஆல்பினைக் கைகொடுத்துத் தூக்கினான். ஆல்பின் அவனிடம் ஏதோ சொன்னான், காதோடு. என்ன சொன்னான் என்று தெரியாது. தெரியாததை இனி எழுத மாட்டேன்.

மூன்று பூஜ்யம். மறுபடியும் நாங்கள் கடைசி.

1998 ஜூன் 7, ஞாயிறு

இன்று பெயர் கூப்பிடும் நாள். நான் போகவில்லை. மதியம் கயிற்று மணி அடித்தது. பீர் முகைதீன். ஒரு வருடமாக இந்தப் படி ஏறாதவர். கையில் பிஸ்கட் டப்பா. விதியை எடுத்துவிட்டார்களாம். "ஒங்க சாமான்தானேக்கா" என்று மேஜையில் வைத்தார்.

ஜுல்ஃபிகர் பெயர் பலகையில் இல்லையாம். தொழிற்சாலை அணி எடுத்துக்கொண்டது. "நிரந்தரத்துக்கு ஒரு நடத்தை சர்ட்டிபிகேட் கேக்குறாங்க. ஒங்கட்ட வாங்கிட்டு வரச் சொன்னான்."

"என்னிடமா?"

"ஆமாக்கா. நானும் ரெண்டு தடவ கேட்டுட்டேன், இவங்ககிட்டயான்னு."

ஏன் அவனே வரவில்லை என்று நான் கேட்கவில்லை. பீர் முகைதீனுக்குப் பீங்கான் கோப்பையில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

'ஜுல்ஃபிகர் ஆடிய ஆட்டங்களில் நான்கை நான் கயிற்றோரம் நின்று பார்த்திருக்கிறேன். வேகமாகப் பாய்வார். விழுந்தவரைத் திரும்பி வந்து தூக்குவார். கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒருமுறை அவரைப் பற்றிப் பொய்யாக எழுதப்பட்டது, எழுதியவள் நான். இதற்கு மேல் எனக்கு அவரைத் தெரியாது.'

பீர் முகைதீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன். வீட்டு எண்ணும், தெருவும்.