ஒரே குலசாமியைக் கும்பிட்ட இரண்டு பூட்டன்கள்

மாமா,

மாலை வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். வாடிப்பட்டியிலிருந்து உங்கள் பெரியப்பா வருகிறார். புளிக்குழம்பு இருக்கிறது, அப்பளம் மட்டும் பொரித்துப் போடுங்கள். கோபமாகத்தான் வருவார்.

வகுப்புக்காக நான் எழுதிய குடும்பக் கதையை, பெருமையாகச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டீர்கள். அதில் உங்கள் பூட்டனையும் என் பூட்டனையும் அழகுக்காக ஒரே குலசாமியைக் கும்பிட வைத்திருந்தேன். "பங்காளி வீட்டுலயா பொண்ணு எடுத்தோம்?" என்று போனில் குதிக்கிறார்.

அது கற்பனை என்று அவர் நம்பும்வரை சொல்லுங்கள். எனக்கே சந்தேகம் வந்து அம்மாவிடம் இரண்டு முறை கேட்டேன். எங்கள் சாமி வேறுதான்.

பவதாரிணி

பி.கு.: நேற்று நீங்கள் சிரித்ததை மன்னித்துவிட்டேன். ஆனால் இன்னொரு தடவை "தங்கச்சி, ஒரு காபி" என்றால், காபி வரும். பொங்கலுக்கு அண்ணன் சீர் பட்டுச்சேலையோடு வந்தாக வேண்டும்.