அப்பாவின் மன அமைதிக்கு ஒன்பது பேர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இவ்வளவு சௌக்கியமாக இருப்பவர்கள் எதற்கு இரண்டு விமானம் மாறி, மலை ஏறி, உடம்பையும் மனதையும் சரிசெய்துகொள்ளப் போகிறார்கள் என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆமாம், வெளிநாடு போகிறோம். நான், உன் அப்பா, காலையில் அவரோடு நடக்கப் போகிறவர்களில் ஏழு பேர், ஆக ஒன்பது பேர் ஒரு நலவாழ்வு முகாமுக்கு. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா அடுத்த அறையில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார், அரை மணி நேரமானாலும் ஒரு பக்கம் திருப்புகிற சத்தம் வராது. அதோடு, 'அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம், லீவு போடறேன் அது இதுன்னு ஆரம்பிச்சிருவா' என்று எனக்குக் கட்டளை வேறு. பெயரைச் சொல்லாவிட்டாலும் அந்த 'அவ' நீதான், சந்தேகமே வேண்டாம். அதனால் மருந்துக் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது இருமல் மருந்து கேட்டு வந்தால் எழுத்து கோணலாகப் போகும், கண்டுகொள்ளாதே.

எல்லாம் பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடந்த ஒரு புத்தகத்தில் தொடங்கியது. டாக்டரும் காலை நடைக்கு வருகிறவர்தான், உன் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினவர். அந்தப் புத்தகத்தில் உலகம் முழுக்க இருக்கிற முகாம்களைப் படம்போட்டு எழுதியிருந்தார்கள், எல்லாப் படத்திலும் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். இதைப் பார்த்துவிட்டு உன் அப்பாவுக்கு திடீரென்று ரத்த அழுத்தம் வந்துவிட்டது. நம் கடை மிஷினில் நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன், நூற்றிருபத்தெட்டுக்கு எண்பது, எனக்குத்தான் கூட. ஆனாலும் நடைக்குழுவில் எல்லோரிடமும் 'நமக்கெல்லாம் வயசாகுது, இனிமேலாவது உடம்பைப் பாத்துக்கணும்' என்று பத்து நாள் பிரசங்கம் செய்தார், பதினோராம் நாள் எல்லோருக்கும் எங்கேயாவது வலித்தது. மேல்மாடி பேங்க் மேனேஜர் மட்டும் 'பக்கத்துலயே கடலோரமா ஒண்ணு இருக்கே சார், ஒரே ராத்திரி பஸ்ஸு' என்றார். கடல்காற்று மூட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார் உன் அப்பா. அவருக்கு மூட்டில் ஒன்றும் இல்லை, அவர் வாயில் மூட்டு என்ற சொல்லையே நான் அன்றுதான் கேட்டேன். ஏழு முகாம்களை விட்டுவிட்டு எட்டாவதாக ஒன்றைப் பிடித்தார். குளிர், மேடு, பச்சைச் சாறு, பேசவே கூடாது என்று சட்டம். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று நான் படத்துக்குக் கீழே படித்துப் பார்த்தேன். உன் நாட்டில். உன் ஊரிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். நான் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தேன், பாப்பா. ஒரு மனிதர் மகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எட்டுப் பேருக்கு நோய் உண்டாக்கியிருக்கிறார்.

முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம்டேபிள் போட்ட கை சும்மா இருக்குமா, இதற்கும் ஒரு டூட்டி ஷீட் தயாராகிவிட்டது. யார் எந்தப் பெட்டியைத் தூக்குவது, யாருக்கு ஜன்னல் சீட்டு, யார் மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவது என்று கட்டம்போட்டு எழுதி எல்லோருக்கும் ஒரு நகல் கொடுத்தார். அதில் ஒத்திகை என்று ஒரு வரி. முகாமில் போய் வாயை அடக்க முடியாமல் மானம் போகக் கூடாதாம், அதனால் போன சனிக்கிழமை நம் கட்டடத்து கூட்ட அறையில் காலை ஆறிலிருந்து மதியம் பன்னிரண்டு வரை ஒன்பது பேரும் பேசாமல் உட்கார வேண்டும். பல் டாக்டர் நாற்பதாவது நிமிஷம் விழுந்தார். பாவம், வாழ்நாளெல்லாம் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தானே பேசிப் பழகினவர். பேங்க் மேனேஜர் பேசவில்லை, ஆனால் துண்டுச் சீட்டில் எழுதி எழுதிப் பக்கத்தில் நீட்டிக்கொண்டே இருந்தார், அதுவும் பேச்சுதான் என்று கழித்துவிட்டோம். எதைச் சொல்வதானாலும் 'ஒரு நிமிஷம்' என்று தொடங்குவாரே கீழ்வீட்டு அம்மா, அவர் அந்த ஒரு நிமிஷத்துக்காக எழுந்தவர் திரும்ப உட்காரவே இல்லை. எனக்கு எட்டே பத்துக்குக் கடையிலிருந்து போன். கடைசியில் உன் அப்பா ஒருவர்தான் மிஞ்சினார். பன்னிரண்டு அடித்த பிறகும் அவருக்குப் பேசத் தோன்றவில்லை, சாப்பிடும்போதும் தலையைத்தான் ஆட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். 'எப்படி சார் முடியுது உங்களால, எங்க பழகினீங்க' என்று டாக்டர் கேட்டார். அவர் சும்மா சிரித்தார். எங்கே பழகினார் என்று எனக்குத் தெரியும், இருபத்திரண்டு மாதமாக என் வீட்டில்தான் பயிற்சி நடக்கிறது.

அதைப் பற்றி ஒரு தரமாவது எழுதிவிடுகிறேன். நீ பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் போன் செய்து 'அப்பா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு' என்றாய். அவர் 'தகவல் சொன்னதுக்கு நன்றி' என்று சொல்லி போனை என் கையில் கொடுத்தார். வழியில் வண்டி நின்றுவிட்டது என்று டிரைவர் யாராவது கூப்பிட்டுச் சொன்னால் பதில் சொல்கிற அதே குரல். நீ அழுதாய். அவர் போய் பால்கனியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து மடித்தார், ஈரத் துணியையும் சேர்த்து. நான் அன்று அவரையும் கண்டிக்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு. நீயும் லேசுப்பட்டவள் இல்லை. வாராவாரம் 'வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க' என்று கேட்கிறாய். வீட்டில் எல்லாரும் என்றால் எத்தனை பேர்? நானும் அவரும்தான். நான்தான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேனே.

விசா அலுவலகத்தில் நடந்ததைக் கேள். விண்ணப்பத்தில் அந்த நாட்டில் உறவினர் யாராவது உண்டா என்று ஒரு கட்டம். உன் அப்பா மற்றதையெல்லாம் அச்சடித்த மாதிரி நிரப்பிவிட்டு அதைக் காலியாக விட்டிருந்தார், நான் வாங்கி உன் பெயரை எழுதினேன், பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார். உள்ளே கூப்பிட்டால் எல்லோரும் ஒரே மாதிரி 'மன அமைதிக்காக' என்றுதான் சொல்ல வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்யவைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். அவள் எங்கள் காகிதத்தைப் பார்த்து மகள் அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டாள், அவ்வளவுதான். உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். 'பிசியோதெரபிஸ்ட்டுங்க. பெரிய ஆஸ்பத்திரி. அடிபட்டவங்களை மறுபடி நடக்க வைக்கிறா. வாரத்துல ரெண்டு நாள் நைட் ஷிப்ட், அவளுக்கே முதுகு வலி. மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. சமையலறைக் குழாய் ஒழுகுது, வீட்டுக்காரர் வந்து பாக்கவே மாட்டேங்கிறாரு.' நான் ஒன்றுகூட அவரிடம் சொன்னது இல்லை. எல்லாம் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டது. அந்தப் பெண் சிரித்துவிட்டு, பொண்ணு மேல ரொம்பப் பிரியம் போல என்றாள். இவர் 'ஆமாங்க' என்றார். வெளியே வந்ததும் என்னிடம், 'எதையாவது சொன்னாத்தானே விசா குடுப்பாங்க' என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கைப்பையில் கண்ணாடியைத் தேடுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

பெட்டி கட்டுகிற படலம் நடந்துகொண்டிருக்கிறது. தளர்ந்த பருத்தி உடை, தண்ணீர் பாட்டில், ஒரு விரிப்பு, இது மட்டும் போதும் என்று முகாமிலிருந்து எழுதியிருக்கிறார்கள். உன் அப்பாவின் பெட்டியில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்று, மூன்று அளவில் குழாய் வாஷர், ஒரு ஸ்பானர், ஒழுகாமல் இருக்கச் சுற்றுகிற வெள்ளை டேப் இரண்டு சுருள். மன அமைதிக்கு ஸ்பானர் எதற்கு என்று கேட்டேன், முகாமில் குழாய் எப்படி இருக்குமோ என்றார். அங்கே எங்கள் யாரையும் ஒரு வேலையும் செய்யவிட மாட்டார்கள், போன் முதற்கொண்டு வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அது அவருக்கும் தெரியும். ஆறாம் நாள் மதியம் ஒன்றரையிலிருந்து ஆறரை வரை மட்டும் வெளியே போய்வர விடுவார்களாம். பேங்க் மேனேஜர் அன்றைக்கு எங்கேயாவது நல்ல காபி தேடிப் போகலாம் என்று இப்போதே ஆள் சேர்க்கிறார். உன் அப்பா தனக்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

எங்கே நடக்கப் போகிறார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பாஸ்போர்ட் உறைக்குள் நாலாக மடித்த தாள். அவர் கையெழுத்தில், டிப்போவில் போடுகிற மாதிரியே கட்டம்போட்ட டைம்டேபிள். முகாம் வாசல் பஸ் இரண்டு பத்து, ஸ்டேஷன் இரண்டு ஐம்பது, உன் ஊர் மூன்று முப்பத்தைந்து, உன் தெரு மூன்று ஐம்பது. அங்கே அரை மணி நேரம் நிறுத்தம். நாலு இருபதுக்குக் கிளம்பித் திரும்ப ரயில், பஸ், ஆறு பத்துக்கு முகாம். ஓரத்தில் குறிப்பு எழுதுகிற கட்டத்தில், 'மாடி ஏறுவது: அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறார். பத்தாயிரம் மைல் வருவாராம், மூன்று மாடி ஏறுவதை மட்டும் அப்போது பார்ப்பாராம். அதை நான் படித்துவிட்டு அப்படியே மடித்து வைத்திருப்பேன், ஆனால் கூடவே இணையத்திலிருந்து எடுத்த அந்த ஊர் பஸ் நேரமும் இருந்தது. இருபது வருஷமாக எந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாலும் முதலில் தேதியையும் பொடி எழுத்தையும் பார்க்கிறவள் நான். டிப்போவில் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து நாள் கணக்கு, அந்தப் பழக்கத்தில் நாங்கள் இங்கிருந்து புறப்படுகிற திங்கட்கிழமையை முதல் நாளாக வைத்து, ஆறாம் நாள் சனிக்கிழமை என்று போட்டிருக்கிறார். முகாம்காரர்களுக்கு நாங்கள் போய்ச் சேருகிற செவ்வாய்தான் முதல் நாள். அப்படியானால் அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்த மலைக்கு பஸ்ஸே கிடையாது என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட ஞாயிற்றுக்கிழமை ஷீட்டையும் மற்ற நாள் ஷீட்டையும் மாற்றிப் போடாத மனிதர், பாப்பா. எவ்வளவு பதற்றத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இது நடக்கும் என்று நினைத்துப் பார்.

நான் அவரிடம் சொல்லப்போவது இல்லை. சொன்னால் சும்மா பொழுதுபோகாமல் எழுதிப் பார்த்தேன் என்று கிழித்துப் போடுவார், நீலச் சட்டையையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார். உன்னையும் கட்டாயப்படுத்தவில்லை. அன்று அவர் சொன்னது உனக்கு எப்படி வலித்திருக்கும் என்று தெரியும், அதற்கு அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன், அவருக்கு அந்த வார்த்தைகள் வராது, வாஷர்தான் வரும். ஆனால் இருபத்திரண்டு மாதம் உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று எனக்குக் கால் கடுக்கிறது. இருவரும் எனக்கு வேண்டும், ஒரே அறையில் வேண்டும். மாப்பிள்ளையிடம் கார் இருக்கிறது அல்லவா? வந்தால், நான் எழுதினேன் என்று சொல்லாதே, ஆஸ்பத்திரி வேலையாக அந்தப் பக்கம் வந்தேன் என்று ஏதாவது சொல். நம்ப மாட்டார், நம்பினது மாதிரி இருப்பார்.

முதுகைப் பார்த்துக்கொள், ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற உடற்பயிற்சியை நீயும் செய். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் பேசவைத்துக்கொண்டு, நிறைவாக வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

தேதியை மட்டும் எங்கேயாவது குறித்துவை. வருகிற மாதம் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. முகாம் வாசலுக்கு எதிரிலேயே பஸ் நிறுத்தம். இரண்டு பத்து பஸ்ஸுக்கு உன் அப்பா இரண்டு மணிக்கே போய் நின்றுவிடுவார், வராத பஸ்ஸுக்காக ஆறரை வரைக்கும் நிற்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா