ரிபாஸாவுக்கு வராத பந்து

வியாழக்கிழமை, இரவு.

முந்தல் ஊரில் இன்று எங்கள் பள்ளிக்கூட அணிக்கு வலைப்பந்துப் போட்டி. தோற்றோம். தோற்றது பெரிதில்லை. அகதி முகாமிலிருந்து வரும் ரிபாஸா ஆட்டம் முழுக்க வளையத்துக்குக் கீழே கையை உயர்த்தியபடி தனியாக நின்றாள். ஒருத்தியும் அவளுக்குப் பந்தை எறியவில்லை.

அணித் தலைவி சஹ்லாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

“அவக்குக் குடுத்தா மத்தப் புள்ளகள் என்னோட கதைக்க மாட்டாங்க டீச்சர்.”

இவளைத்தான் இரண்டு வருடமாகத் தலைமை தாங்கப் பழக்கினேன். என்னத்தைப் பழக்கினேனோ.

திரும்பும்போது பஸ்ஸில் ரிபாஸா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் நிண்ட இடம் பிழையா டீச்சர்?”

சரியான இடம்தான் என்றேன்.

“அப்ப அடுத்த மெச்சுக்கும் அங்கயே நிக்கிறன்” என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.