என் மூக்குக்கு நீ வைத்த பரீட்சை

அக்கா, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. மாலை வகுப்பில் சேர்ந்து இந்த வருஷம்தான் எழுதப் பழகினேன். பென்சிலை அழுத்திப் பிடித்து விரல் காய்த்துவிட்டது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனால் முழுக்க நானே எழுதுகிறேன், யாரும் கை பிடித்து விடவில்லை. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

இன்று காலை தெருவில் கருவாட்டுக்காரி போனாள். அவள் குரலுக்கு முன்னாலேயே வாசம் வந்துவிட்டது. வலது மூக்கு வழியாகவும் வந்தது! உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நீ சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் கருவாடு விற்ற காலம். ஒரு மதியம் மிச்சக் கூடையை நான் படுத்திருந்த இடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். திரும்பி வந்து பார்த்தால் நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

"டேய், கூட தலமாட்டுலயே கீது. பூன கூட மோந்துட்டு வந்து நிக்குது. உனுக்கு நாத்தம் தெரில?"

"எந்தக் கூட?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய். வலது மூக்கைச் சதை அடைத்திருந்தது. நடுநடுவே ரத்தம் வந்ததை அப்போதுதான் உன்னிடம் சொன்னேன். ஊரில் ஆளாளுக்குப் புற்று என்றார்கள். நீ யாருக்கும் பதில் சொல்லாமல் என்னைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகு டாக்டரம்மா நம்மைக் கூப்பிட்டுச் சொன்னார்: "புற்று இல்லைம்மா. மூக்குக்குள்ள சாதாரணச் சதை நிறையப் பேருக்கு வளரும், அது புற்றா மாறவே மாறாதுன்னு சொல்லலாம். இவருக்கு இருக்கிறது எப்பவோ ஒருத்தருக்கு வர்ற வகை. இதுவும் கெட்ட கட்டி இல்லை. ஆனா எடுத்தாலும் திரும்ப வரலாம். கொஞ்சம் பேருக்குப் புற்றாவும் மாறும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் கேட்டாய். "அந்தக் கொஞ்சம் பேர்ல இவன் கீறானாம்மா?"

"இப்பவே சொல்ல முடியாது. எடுத்துட்டு, வருஷா வருஷம் கூட்டிட்டு வந்து காட்டுங்க. பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"பாத்துக்கினே இருக்கறதுதான? இவன் பொறந்ததுலேந்து எனுக்கு அதான் வேல."

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் பரீட்சை. கண்ணை மூடச் சொல்லுவாய். இடது மூக்கை நீயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது மூக்கின் கீழே ஒரு கருவாட்டை நீட்டுவாய். "நெத்திலியா, வாளையா? சொல்லு." நான் கண்ணை லேசாகத் திறந்தால் மண்டையில் ஒரு குட்டு. சரியாகச் சொன்னால் அன்றைக்கு அந்தக் கருவாடே குழம்பு.

ஒரு வருஷம் நான் தப்பே விடாததால் இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நீயே முடிவு கட்டினாய். ஆனால் வரமாட்டோம் என்று நேரில் சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று, அதைச் சொல்வதற்காகவே என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாய்! டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாசனை தெரிஞ்சாலும் உள்ளே ஓரத்துல வளரலாம்மா. நாங்க விளக்கு போட்டுத்தான் பார்க்கணும். வந்தது வந்தீங்க, உட்காரச் சொல்லுங்க."

"அப்ப ரெண்டுத்தையும் வெச்சிக்கலாம்" என்றாய், விட்டுக்கொடுக்காமல்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு இந்த வருஷம்தான் தனியாகப் போனேன். பஸ்ஸில் ஊர்ப் பெயரை நானே படித்து ஏறினேன். இப்போது இருக்கும் டாக்டர் விளக்கு போட்டுப் பார்த்து, திரும்ப வளர்ந்திருக்கிறது என்றார். எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தக் கொஞ்சம் பேரில் நான் இருக்கிறேனா என்று நானே வாய் திறந்து கேட்டேன். முடிவு வந்தால்தான் தெரியும் என்றார்.

நேற்று முடிவு வந்தது. மாறவில்லை, அக்கா! இன்னமும் கெடுதல் இல்லாத கட்டிதான். இனியும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். தலையைப் பலமாக ஆட்டிவிட்டு வந்தேன்.

வெளியே பெஞ்சில் நம் ஊருக்குக் கிட்டே இருக்கிற வல்லம் பக்கத்து ஆள் ஒருவர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் மூக்குச் சதைதான். துணுக்கு எடுத்திருக்கிறார்கள்.

"மூக்குல வந்தாலே புத்துதானாமே, பெரியவரே?"

"யாரு சொன்னது? உள்ள கேட்டியா?"

"கேக்கவே பயமா கீது."

"அட, எழுந்துருப்பா. நான் வரேன்."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். அவர் டாக்டர் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றார். அவருக்காக நான் கேட்டேன். நீ கேட்ட மாதிரியே, கூச்சமே இல்லாமல், புரிகிறவரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூக்கில் வளர்வதெல்லாம் புற்று இல்லை, முடிவு வரட்டும் என்றார் டாக்டர். வெளியே வரும்போது அந்த மனிதர் டீ குடிக்கலாமா என்றார்.

அவருக்கு வருகிற வியாழக்கிழமை முடிவு சொல்கிறார்கள். கூட வர ஆள் இல்லையாம். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறோம். அவருக்கு என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுதுகிறேன்.