பேருந்து நிழற்குடையின் முகம் என் வீட்டுப் பக்கம் இருப்பது பற்றி

அனுப்புநர்:
தையல்காரர்,
பேருந்து நிழற்குடைக்கு நேர் எதிர் வீடு.
(முன்பு சந்தில் கடைசி வீடு என்று சொன்னால்தான் தெரியும். இப்போது எப்படிச் சொன்னாலும் தெரியும்.)

பெறுநர்:
ஊரமைப்புத் திட்ட அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் வீட்டு முன்னறையைப் பார்த்தவாறு கட்டப்பட்டுள்ள பேருந்து நிழற்குடையைத் திருப்பி அமைத்துத் தர வேண்டுவது தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் அனுப்பிய மூன்று மனுக்கள், தங்கள் அலுவலகம் அனுப்பிய இரண்டு பதில்கள் மற்றும் ஒரு பேருந்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்த ஊரில் இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்து வருகிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. சன்னலோரம் தையல் மிஷின், அதற்குப் பின்னால் துணி வெட்டும் மேசை, அதற்கும் பின்னால் கதவில்லாத சமையலறை. இதையெல்லாம் தாங்கள் நேரில் வந்துதான் பார்க்க வேண்டும் என்பதில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் யாரைக் கேட்டாலும், எந்த டப்பாவில் உப்பு இருக்கிறது என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

2. நிழற்குடை, பெரிய சாலைக்கும் எங்கள் சந்துக்கும் நடுவே உள்ள மேட்டில் இருக்கிறது. சென்ற ஆண்டு அதன் வேலை தொடங்கிய அதே வாரத்தில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகச் சாலையைத் தோண்டிப் போட்டார்கள். பதினெட்டு நாட்கள் பேருந்து வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன வேன் எங்கள் சந்து வழியாக வந்து ஆட்களை ஏற்றிப் போனது. கட்ட வந்த கொத்தனார் வெளியூர்க்காரர். சனங்கள் எந்தப் பக்கம் ஏறுகிறார்களோ அந்தப் பக்கம் பார்த்துக் கட்டினார். அதில் அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நாள் சாலை சரியானது, பேருந்து பழைய வழிக்குப் போய்விட்டது, நிழற்குடை மட்டும் எங்களைப் பார்த்தபடியே நின்றுவிட்டது.

முந்தைய மூன்று மனுக்களிலும் நான் குறிப்பிடாத ஒரு விவரத்தை இதில் தெரிவித்துவிடுகிறேன். அஸ்திவாரம் போட்ட அன்று கொத்தனாருக்கு நூல் பிடித்துக் கொடுத்தது நான்தான். வாசலிலேயே வண்டி நின்றால் நாலு வாடிக்கையாளர் கூட வருவார்களே என்ற நப்பாசையில், "இன்னும் கொஞ்சம் என் வீட்டுப் பக்கமா திருப்புங்க தம்பி, அப்பதான் நேரா இருக்கும்" என்று சொன்னதும் நான்தான். இதைப் பெரிய மனதுடன் மன்னித்து மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

3. தற்போதைய நிலை யாதெனில், நிழற்குடையின் பெஞ்சுக்கும் என் சன்னலுக்கும் இடையே பதினோரு அடி. சாலையிலிருந்து பார்த்தால் ஓட்டுநருக்கு ஒரு வெற்றுச் சுவர்தான் தெரிகிறது. ஆள் இல்லை என்று நினைத்து நிறுத்தாமல் போய்விடுகிறார். உள்ளே இருப்பவர்கள் சத்தம் கேட்டுச் சுவரைச் சுற்றி ஓடுவதற்குள் புழுதிதான் மிஞ்சுகிறது. உள்ளிருந்து யாராவது இறங்குவதற்காகப் பேருந்து நின்றால்தான் இவர்களால் ஏற முடிகிறது. இல்லையென்றால் திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். சும்மா காத்திருக்க யாருக்குத்தான் முடியும்? எங்களைப் பார்க்கிறார்கள்.

நான் சட்டைக்குக் கை வைத்துத் தைத்தால், "அண்ணே, இடது கை கொஞ்சம் ஏறிப்போச்சு" என்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உண்மையிலேயே ஏறித்தான் இருக்கிறது. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. என் மனைவி அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனால், பதினைந்து பேர் சேர்ந்து பொங்கப் போகிறது என்று குரல் கொடுக்கிறார்கள். இந்த உதவியை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் தும்மினால்கூட அடுத்த தெருவில் நலம் விசாரிக்கிறார்கள்.

4. இனி என் குறையின் மையத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் போன வருடம் வரை பதினோரு பேர். என் பெற்றோர், இரண்டு தம்பிகள், அவர்கள் குடும்பம், எங்கள் மகள்கள். இத்தனை வருடத்தில் நானும் என் மனைவியும் தனியாக ஒரு வார்த்தை முழுசாகப் பேசியதில்லை. கதவைச் சாத்தினால் யாராவது வந்து சீப்பு கேட்பார்கள். பிறகு தம்பிகள் வீடு கட்டிப் போனார்கள். பெற்றோர் சின்னத் தம்பியோடு போனார்கள். இளைய மகளும் கல்யாணமாகிப் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அவள் போனதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமை காலை, தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு என் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இத்தனை வருஷமா எல்லாருக்கும் என்ன வேணும்னு நீ பாத்துப் பாத்து செஞ்ச. உனக்கு என்ன வேணும்?" என்றேன். அவர் வெங்காயம் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். வாயைத் திறந்தார்.

நிழற்குடையில் ரேடியோ இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், வாயை மூடவே மாட்டார் என்பதால் ஊரில் அவருக்கு அந்தப் பெயர். "மிக்சி கேளுங்க அக்கா" என்றார். உடனே வேறொருவர், மிக்சி எதற்கு, கடலுக்குக் கூட்டிப்போகச் சொல் என்றார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகும் கணக்கு டீச்சர் எழுந்து நின்று கை தூக்கச் சொல்லி எண்ணினார். கடலுக்கு ஏழு, மிக்சிக்கு ஐந்து, தங்கச்சி வீட்டில் ஒரு மாதம் தங்குவதற்கு இரண்டு. முடிவெட்டும் கடைக்காரர் மட்டும் எதற்கும் கை தூக்கவில்லை, கேள்வி சரியாகக் காதில் விழவில்லை, திரும்ப ஒரு தரம் கேட்க முடியுமா என்றார்.

என் மனைவி வாயை மூடிக்கொண்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தார். அன்றிலிருந்து ஏழு மாதம் ஆகிறது. அந்தப் பதில் என்னவென்று எனக்கு இன்று வரை தெரியாது. ஐயா, எனக்கு அந்தப் பதில் வேண்டும். இந்த மனுவில் மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்தான்.

வேறு இடத்தில் வைத்துக் கேட்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பின்பக்கம் மாவு மில். அங்கே பேச வேண்டுமானால் கத்த வேண்டும், கத்தினால் முன்பக்கம் கேட்கும். கடைசிப் பேருந்து போன பிறகு கேட்கலாமே என்றால், நாள் முழுக்க அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக் களைத்த என் மனைவி உடனே தூங்கிவிடுகிறார். ஒரு முறை எழுப்பிக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "பஸ் போயிடுச்சு, காலைல வாங்க" என்றார்.

5. என் முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலில், நிழற்குடை ஆய்வு செய்யப்பட்டதாகவும், கூரை ஒழுகவில்லை எனவும், காற்றோட்டமும் எதிர்ப்புறக் காட்சியும் திருப்திகரமாக உள்ளன எனவும் கண்டிருந்தது. அந்த எதிர்ப்புறக் காட்சி நான்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் மனுவுக்கு இளநிலைப் பொறியாளர் ஒருவர் டேப்புடன் வந்தார். அளந்தார். பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெழுதியபடியே, நான் ஒரு காலர் தைத்து முடிப்பதை ஆர்வமாகப் பார்த்தார். அதில் அவருடைய பேருந்தும் போய்விட்டது. அடுத்த பேருந்து வரும் வரை இருந்து பார்த்துவிட்டு, சன்னலுக்குத் திரை போடுமாறு எழுத்துமூலம் அறிவுரை வழங்கினார்.

திரை போட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவரை உள்ளது உள்ளபடி பேசியவர்கள், பார்க்க முடியாமல் போனதும் யூகிக்க ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் நானும் என் மனைவியும் பிரிந்துவிட்டோம் என்று நான்கு ஊருக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் என் மச்சான் பெட்டியோடு வந்து இறங்கினார், அக்காவைக் கையோடு கூட்டிப்போக. விஷயம் முழுக்க விளங்கட்டும் என்று அவரையும் நிழற்குடையில் உட்கார வைத்தார்கள். இரண்டு நாள் அங்கேயே இருந்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று என்னிடமே சொன்னார். ஊர்மக்கள் கேட்டுக்கொண்டதால் திரையைக் கழற்றிவிட்டேன்.

6. மூன்றாம் மனுவுக்குப் பதில் கடிதம் வரவில்லை, பேருந்து வந்தது. நிழற்குடையைத் திருப்புவதைவிடப் பேருந்தைத் திருப்புவது சுலபம் என்று தங்கள் அலுவலகத்தில் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். வேன் போன சந்து என்பதால் பேருந்தும் போகும் என்று நம்பியிருக்கிறார்கள். போனது. போகும்போது எங்கள் கொடிக்கயிறு, ஒரு போர்வை, தேய்த்துச் சன்னலில் தொங்கவிட்டிருந்த கணக்கு டீச்சர் கணவரின் புதுக் கால்சட்டை ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டு போனது. பக்கக் கண்ணாடியில் மாட்டிக்கொண்ட அந்தக் கால்சட்டை நான்கு ஊர் சுற்றிவிட்டு மாலையில் திரும்பி வந்தது. நான்கு ஊரிலும் கேட்டுப் பார்த்தும் யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லையே என்று நடத்துநர் வருத்தப்பட்டார். சோதனை ஓட்டம் அன்றோடு நின்றது.

7. சென்ற வெள்ளிக்கிழமை என் மனைவிதான் ஒரு யோசனை கண்டுபிடித்தார். இந்த ஊரிலேயே நிழற்குடையிலிருந்து பார்க்க முடியாத ஒரே இடம் எது? நிழற்குடையின் முதுகுப்பக்கம், அதாவது பெரிய சாலையோரம். கடைக்குப் போவதுபோல் பையை எடுத்துக்கொண்டு இருவரும் சுற்றிப் போய், அந்தச் சுவரை ஒட்டி நின்றோம். யாரும் இல்லை. புது மாப்பிள்ளை மாதிரி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன், ஐயா. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் கேள்வியைத் தொடங்குவதற்குள் பேருந்து வந்து எங்கள் முன்னால் நின்றது. சாலையோரம் இரண்டு பேரைக் கண்டதும் ஓட்டுநர், ஏறுவோருக்காகப் பல மாதம் கழித்து முதன்முறையாகப் பிரேக் போட்டார். நின்ற சத்தம் கேட்டு நிழற்குடை முழுவதும் சுவரைச் சுற்றி ஓடி வந்தது. வந்த வேகத்தில் எங்களையும் உள்ளே தள்ளிக்கொண்டு ஏறியது. இரண்டாவது ஊரில்தான் எங்களால் இறங்க முடிந்தது. அங்கே அத்தனை பேரும் எங்களுக்குக் கையசைத்து நன்றி சொன்னார்கள்.

மறுநாள் காலை முதல் ஒவ்வொரு பேருந்து நேரத்துக்கும் ரேடியோ சன்னலில் வந்து நிற்கிறார். "அண்ணே, அக்காவக் கூட்டிட்டுக் கொஞ்சம் முன்னாடி போய் நில்லுங்களேன், பஸ் நிக்கட்டும்" என்கிறார். ஒரு நாளைக்கு ஆறு பேருந்து. நாங்கள் போய் நிற்கிறோம். இப்போது சாலையோரத்திலும் தனிமை இல்லை. பேருந்து வருகிறதா என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே சுவரோரம் எட்டிப் பார்க்கும் தலைகள் இருக்கின்றன.

8. இணைப்பில் முப்பத்துநான்கு கையெழுத்துகள் உள்ளன. அனைவரும் நிழற்குடையைப் பயன்படுத்துவோர். திருப்பினால் பேருந்து நிற்கும் என்பதால் பாதி மனதாகவும், எங்களைப் பார்க்க முடியாது என்பதால் மீதி மனது வராமலும் கையெழுத்திட்டார்கள். என் மனைவியின் பதிலைக் கையெழுத்திட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று மேலே ஒரு நிபந்தனையும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வரியை அலுவலகம் பொருட்படுத்த வேண்டாம்.

செலவு, விதிமுறை போன்றவை தங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது தையல் ஒன்றுதான். ஒரு சட்டையில் கையைப் பின்புறமாகத் தைத்துவிட்டால், போட்டுக்கொள்பவரைத் திரும்பி நடக்கச் சொல்ல மாட்டோம். பிரித்துத் தைப்போம். நானே பலமுறை செய்திருக்கிறேன், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

9. கடைசியாக ஒன்று. நேற்று மாலை கடைசிப் பேருந்து வந்து நின்று, எல்லோரும் ஏறும் சந்தடியில், ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதை என் மனைவி கவனித்திருக்கிறார். என் காதருகே குனிந்து, "அன்னிக்குக் கேட்டீங்களே, அத நான் மறக்கல. இந்தச் சனியனத் திருப்பி வெக்கச் சொல்லுங்க. மொதல்ல எனக்கு அதுதான் வேணும். மிச்சத்த வீட்ல சொல்றேன்" என்றார்.

ஐயா, இந்த இருபத்தொன்பது ஆண்டுகளில் என் மனைவி தனக்கென்று என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் ஒரு பேருந்து நிழற்குடை. துணியாக இருந்தால் நானே தைத்துக் கொடுத்திருப்பேன். கடையில் கிடைப்பதாக இருந்தால் எப்பாடுபட்டாவது வாங்கியிருப்பேன். இது தங்கள் அலுவலகத்தில் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே கோப்பைத் தேடி எடுத்து, ஆவன செய்து, நான் என் வீட்டில் என் மனைவி சொல்வதைக் கேட்க வழி செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: தையல் மிஷின் அருகில்
நாள்: பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, முதல் பேருந்துக்கும் இரண்டாம் பேருந்துக்கும் நடுவில்

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கும், அதன் பிறகு அவருடைய பதிலுக்கும் காத்திருக்கும்,
தையல்காரர்
(ஒப்பம்)